பசுவும் பொலிகாளையும்

(தோட்டத் தொழிற்சங்கக் கிளையின் பொதுக்கூட்டத்தில், மாடு வளர்க்கும் குடும்பங்களின் வேண்டுகோளுக்கிணங்க, கிளைச் செயற்குழுவைச் சேர்ந்த தோட்டக் கிராணி ஒருவர் ஆற்றிய உரை.)



சம்பளத்தைப் பற்றியும் ஒழுகும் கூரையைப் பற்றியும் பேசுகின்ற இந்த மேடையில், இன்று மாட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். இதென்ன கூத்து என்று பின்வரிசையில் இளைஞர்கள் சிரிப்பது கேட்கிறது. சிரிக்கட்டும். அவர்களில் எத்தனை பேருடைய பள்ளிக்கூடச் சட்டை பால் காசில் தைத்தது என்று அவரவர் தாயாரைக் கேட்டால் தெரியும். மழை பெய்து பால்வெட்டு நின்ற நாளில் அடுப்பெரிந்தது எதனால் என்றும் அவர்களே சொல்வார்கள்.

நாம் மாட்டு வைத்தியர் அல்லோம். பிரட்டுக்களத்தில் பேர் கூப்பிட்டு, செக்ரோலில் கணக்கெழுதிப் பிழைப்பவர்கள். ஆயினும் மாட்டுக் கொட்டகையில் வளர்ந்தவர்கள். கால்நடை இலாகா அதிகாரிகளிடம் கேட்டதும், புத்தகங்களில் படித்ததும், சொந்த வீட்டில் பட்டதுமாகச் சிலவற்றைச் சொல்லலாம் என்று நிற்கிறோம்.

நம் லயத்து மாடுகள் முன்போல் இல்லை என்பது எல்லோருடைய குறையாகவும் இருக்கிறது. கன்று சிறுத்துப் பிறக்கிறது, பால் குறைகிறது, வருஷம் தப்பி வருஷம்தான் சினை பிடிக்கிறது. காரணம் கேட்டால் ஒருவர் கண்ணேறு என்கிறார், ஒருவர் புல் இல்லை என்கிறார், இன்னொருவர் நிர்வாகம் தெளிக்கும் மருந்து என்கிறார். புல்லையும் மருந்தையும் சொல்பவர்களை நாம் மறுக்கவில்லை. ஒரு காலத்தில் இந்நாட்டுத் தோட்டங்களில் லாலானை அழிக்க சோடியம் ஆர்சனைட் தெளித்தார்கள். அதன் உப்புச்சுவைக்கு ஆசைப்பட்டுப் புல்லைத் தின்ற மாடுகள் செத்து விழுந்த கதையை நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். பிறகு பாராகுவாட் வந்தது. அது 2020-ஆம் ஆண்டு இந்நாட்டில் தடை செய்யப்பட்டது. மருந்தடித்த நிரையில் மாட்டை விடக்கூடாது. அடிக்கும் நாளை முன்கூட்டிச் சொல்ல வேண்டியது நிர்வாகத்தின் கடமை. அதைக் கேட்டு வாங்குவது சங்கத்தின் வேலை, அதைச் செய்வோம். ஆனால் இன்று பேச வந்தது நிர்வாகத்தின் குற்றத்தை அன்று. குற்றம் நம் வேலிக்குள்ளேயும் ஒன்று இருக்கிறது.

முதலில் பசுவின் உடம்பைக் கொஞ்சம் பார்ப்போம். மாட்டுக்கு இரைப்பை நான்கு அறை. முதல் அறை பெரிய தொட்டி மாதிரி. சீமைப்பசுவுக்கு அது நூறு லிட்டருக்கு மேல் பிடிக்கும். அந்தத் தொட்டிக்குள் கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடி கிருமிகள் குடியிருந்து புல்லைப் புளிக்கவைத்துச் சத்தாக்குகின்றன. நாம் தின்றால் செரிக்காத புல், மாட்டுக்குச் செரிப்பது அந்தக் கூலிக்காரர்களால்தான். மாடு ஒரு நாளில் ஏழெட்டு மணி நேரம் அசைபோடுகிறது என்றால் அது சும்மா படுத்திருக்கவில்லை, வேலை செய்கிறது என்று அர்த்தம். படுத்த மாட்டை அடித்து எழுப்புகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஒரு லிட்டர் பால் சுரக்க, ஏறக்குறைய 400 முதல் 500 லிட்டர் இரத்தம் மடி வழியாக ஓட வேண்டும். அத்தனை ஓட்டத்துக்குத் தண்ணீர் வேண்டாமா? கயிற்றில் கட்டிப்போட்டு, சாயங்காலம் ஒரு வாளி காட்டிவிட்டுப் பால் இல்லை என்றால் என்ன நியாயம்?

பால் இறங்குவதும் நாம் அறிந்த சங்கதிதான். நாம் மரத்திலும் பால் எடுக்கிறோம், மாட்டிலும் எடுக்கிறோம். விடியற்காலைக் குளிர்ச்சியில் வெட்டினால் மரம் நன்றாக ஓடும், வெயிலேறினால் நின்றுபோகும். மாட்டுக்கு வெயில் அன்று, மனம். கன்று முட்டும்போதோ கை காம்பில் படும்போதோ அதன் மூளையிலிருந்து ஒரு சுரப்பு இரத்தத்தில் கலந்து மடியைப் பிழிகிறது. அதன் வேகம் சில நிமிஷங்கள்தான். அதற்குள் கறந்துவிட வேண்டும். நாய் குரைத்தாலும், கறப்பவர் உதைத்தாலும், அச்சத்தில் வேறொரு சுரப்பு வந்து முன்னதைத் தடுத்துவிடும். "மாடு பாலை ஒளிக்கிறது" என்று சொல்வோமே, அது ஒளிப்பதில்லை, பயப்படுகிறது.

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். கன்று இல்லாமல் பால் இல்லை. சினை இல்லாமல் கன்று இல்லை. சினைப்படாத பசு 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். சில மாட்டுக்கு 18, சிலதுக்கு 24. அந்தப் பருவம் நிற்கும் நேரமோ மிகச் சொற்பம். நம் நாட்டு மாடுகளுக்கும் இந்திய வழி மாடுகளுக்கும் பன்னிரண்டு மணி நேரம்கூட நீடிப்பதில்லை. பெரும்பாலும் இரவில் வந்து விடிவதற்குள் போய்விடும். நாமோ விடியுமுன் பிரட்டுக்களத்தில். வீடு திரும்பும்போது மத்தியானம். மாட்டைப் பார்க்க யார் இருந்தார்கள்?

எங்கள் வீட்டில் வெள்ளச்சி என்று ஒரு பசு இருந்தது. இரண்டாம் ஈற்றுக்குப் பிறகு ஒன்றரை வருஷம் சும்மா நின்றது. அப்பா ஒற்றை மாடாக வீட்டுக்குப் பின்னால் கட்டிப்போட்டிருந்தார். மற்ற மாட்டின்மேல் ஏறவும், மற்ற மாடு ஏறும்போது அசையாமல் நிற்கவும் அதற்கு வழியில்லை. பருவத்தின் சரியான அடையாளம் அந்த அசையாமல் நிற்பதுதான். கத்துவதும் நிலைகொள்ளாமல் சுற்றுவதும் பால் திடீரென்று குறைவதும் அதற்கு அடுத்தபடி. கண்ணாடி போன்ற வழும்பு ஒழுகியதைத் தங்கை ஒருநாள் பார்த்துச் சொன்னாள். சிறுபெண் பேச்சு என்று ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மலடு என்று முடிவு கட்டிப் பட்டணத்துப் பால்காரர் ஒருவருக்குக் கைமாற்றிவிட்டார் அப்பா. அடுத்த வருஷம் அதே வெள்ளச்சி அவர் கொட்டகையில் கிடாரி போட்டது. அப்பா அதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அன்று இரவு அவர் சாப்பிடவில்லை. அம்மாவும் ஒன்றும் கேட்கவில்லை. அந்தக் கிடாரிக்காக நாங்கள் என்ன கொடுக்கத் தயாராக இருந்தோம் என்பது எங்களுக்குத்தான் தெரியும்.

ஆகையால் சொல்கிறோம், வீட்டில் இருக்கும் பெண்களும் பிள்ளைகளும் சொல்வதைக் கேளுங்கள். காலையில் ஒருமுறை, இரவு படுக்குமுன் ஒருமுறை, மாடுகளை அவிழ்த்து ஒன்றாகச் சற்று நேரம் விட்டுப் பாருங்கள். காலையில் பருவம் தெரிந்தால் அன்று மாலை காளைக்கோ ஊசிக்கோ விடுவது. மாலையில் தெரிந்தால் மறுநாள் காலை. ஏனென்றால் பருவம் அடங்கிப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் முட்டை வெளிப்படும்; வெளிப்பட்ட முட்டைக்கு ஆயுள் சில மணி நேரமே. விந்து முன்கூட்டியே போய்க் காத்திருக்க வேண்டும். சில மாடுகளில், வாலடியில் துளி இரத்தம் காணும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பருவம் இரண்டு நாளுக்கு முன்பே வந்து போய்விட்டது என்பதற்கு அது அடையாளம். அன்றிலிருந்து பதினெட்டுப் பத்தொன்பது நாள் எண்ணி, அந்த வாரம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டியதுதான்.

கிராணி அல்லவா, ஒரு கணக்கும் சொல்லிவிடுகிறோம். சினை ஏறத்தாழ 280 நாள். இந்திய வழி மாட்டுக்கு இன்னும் சில நாள் கூடும். ஒன்பது மாதமும் பத்து நாளும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈன்ற பிறகு கருப்பை பழைய நிலைக்கு வர 40 நாளாவது ஆகும். இரண்டு மூன்று மாதத்துக்குள் மறுபடி சினையானால் பதின்மூன்று மாதத்துக்குள் ஒரு கன்று. பத்து வருஷத்தில் ஒன்பது கன்று. இரண்டு வருஷத்துக்கு ஒன்று ஈனும் மாடு அதே பத்து வருஷத்தில் ஐந்துதான் தரும். நாலு கன்றும் நாலு பால்காலமும் எங்கே போயின? ஒவ்வொரு 21 நாளாக, நாம் பார்க்காத இரவுகளில் போயின. ஒரு பள்ளிக்கூட நோட்டுப்புத்தகம் வாங்கி, பருவம் கண்ட தேதி, காளை சேர்ந்த தேதி, ஈன வேண்டிய தேதி என்று மூன்று கோடு போட்டு எழுதி வைத்தால் போதும். எழுதத் தெரியாதவர்கள் நம்மிடம் வரலாம், ஆபீசு நேரம் முடிந்த பிறகு.

இன்னொன்று. "எம்மாடு காளைக்கன்றாகவே போடுகிறது, ராசியில்லாத மாடு" என்று விற்றவர்கள் இங்கே உண்டு. கன்று கிடாரியா காளையா என்பதைத் தீர்மானிப்பது பசு அன்று. மாட்டின் உடம்பில் ஒவ்வோர் அணுவிலும் 60 இழைகள், அதாவது முப்பது இணை. அவற்றில் ஓர் இணைதான் ஆண் பெண்ணைப் பிரிப்பது. தாய் எப்போதும் ஒரே வகை இழையைத்தான் கொடுக்கிறாள். தகப்பன்தான் இரண்டில் ஒன்றைக் கொடுக்கிறான். மனிதனுக்கும் இதே நியாயம். மூன்றாவதும் பெண்ணாகப் போய்விட்டது என்று மனைவியைக் கடிந்துகொள்கிறவர்கள், கடிந்துகொள்ள வேண்டிய முகத்தைக் கண்ணாடியில் பார்க்கலாம். (கைதட்டல்) தாய்மார்கள் பக்கம் சத்தம் பலமாக இருக்கிறது, சரி.

இரட்டைக் கன்றில் ஒன்று காளையும் ஒன்று கிடாரியுமாகப் பிறந்தால், அந்தக் கிடாரியை வளர்க்கும் ஆசையை விட்டுவிடுங்கள். நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் அது மலடாகத்தான் இருக்கும். வயிற்றுக்குள் இரண்டுக்கும் இரத்தம் கலந்து, காளையின் சுரப்பு கிடாரியின் கருப்பையை வளரவிடாமல் செய்துவிடுகிறது. பாவம், அதுவும் சூனியம் அன்று.

இப்போது காளைக்கு வருவோம்.

ரப்பர் மரத்தை நாம் அறிவோம். பழைய விதைக்கன்று மரத்தில் ஒரு மரம் குவளை நிறையக் கொடுக்கும், பக்கத்து மரம் அடிவட்டம்கூட நனைக்காது. இரண்டையும் வெட்டியவர்கள் இங்கே இருக்கிறார்கள். ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தார் என்ன செய்தார்கள்? நல்ல மரத்தைத் தேடி, கையால் மகரந்தம் சேர்த்து, பிறந்ததைச் சோதித்து, சிறந்ததன் மொட்டை எடுத்து ஒட்டினார்கள். ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்று நாம் வெட்டுகிறோமே, அதற்குத் தாய் ஜாவாவின் டிஜிர் 1, தகப்பன் பி.பி. 86. ஒரு மரத்துக்குத் தாய் தகப்பன் பேர் எழுதி வைத்தார்கள், தோழர்களே! நம் கன்றுக்குத் தகப்பன் யார் என்று நமக்குத் தெரியுமா?

மாட்டை ஒட்டுக்கட்ட முடியாது. ஒவ்வொரு கன்றும் விதைக்கன்றுதான். பாதி தாயிடமிருந்து, பாதி தகப்பனிடமிருந்து வருகிறது. பசு தன் வாழ்நாளில் ஏழெட்டுக் கன்றுக்குத் தாய்; ஆனால் ஒரு காளை லயத்துக் கன்று அத்தனைக்கும் தகப்பன். காளை பால் கறக்காது என்பதால் அதற்கும் பாலுக்கும் சம்பந்தமில்லை என்று நினைக்கிறோம். அதன் தாய் எவ்வளவு கறந்தாள், அதன் மகள்கள் எவ்வளவு கறக்கிறார்கள் என்பதில்தான் காளையின் பால் இருக்கிறது. நாம் செய்வது என்ன? திமிலும் தோளுமாக நன்றாக வளரும் காளைக்கன்றைத் தீபாவளிக்கும் ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் நல்ல விலைக்கு விற்றுவிடுகிறோம். விலை போகாத சோணங்கி மிஞ்சுகிறது. அது மேய்ச்சலில் பசுக்களோடு திரிகிறது. இப்படி வருஷா வருஷம் நல்லதை வெளியே அனுப்பி நோஞ்சானைத் தகப்பனாக்கினால் மந்தை எப்படி விளங்கும்?

நோஞ்சானைப் பற்றிச் சொல்லிவிட்டோம். ஆனால் நம் கோயில் காளை நோஞ்சான் அன்று. அது அழகான காளை, சாதுவான காளை. முனியாண்டிக்கு நேர்ந்துவிட்டு எட்டு வருஷம் ஆகிறது. அதன் கழுத்தில் மணி கேட்டால் குழந்தைகள் ஓடி வந்து வாழைப்பழத்தோல் கொடுக்கின்றன. அதைப் பற்றிப் பேசுவதில் நமக்கு அச்சம் உண்டு. மரியாதைக் குறைவாக ஒரு சொல்லும் சொல்ல மாட்டோம். ஆனால் எட்டு வருஷத்தில் நடந்தது என்ன? முதலில் பிறந்த கிடாரிகள் அதன் மகள்கள். அவை பருவத்துக்கு வந்தபோது இருந்ததும் அதே காளைதான். அவற்றுக்குப் பிறந்த கிடாரிகளும் இப்போது பருவத்துக்கு வரத் தொடங்கிவிட்டன. அப்போதும் அதே காளை. தகப்பனும் மகளும் சேர்ந்த கன்றில், நாலில் ஒரு பங்கு இழைகள் இரண்டு பக்கமும் ஒரே நகலாகப் போய்விடுகின்றன. எந்த மாட்டின் உடம்பிலும் ஒளிந்து கிடக்கும் குறைகள் சில உண்டு. ஒரு பக்கம் குறை, ஒரு பக்கம் நலம் என்றால் வெளியே தெரியாது. இரண்டு பக்கமும் ஒரே குறை கூடினால்தான் வெளிப்படும். சினை பிடிக்காமை, சிறுத்த கன்று, பிறந்ததும் சாகும் கன்று, குறைந்த பால், எல்லாம் அந்த வழியாக வருகின்றன. நமக்குள் நெருங்கிய இரத்தத்தில் பெண் கொடுக்க யோசிக்கிறோம். மாட்டுக்கு மட்டும் யோசிக்கவில்லை.

என்ன செய்யலாம்? கால்நடை இலாகாவின் ஊசி ஒரு வழி. 1949-இல் இங்கிலாந்தில் போல்ஜ் என்பவரும் தோழர்களும் கிளிசரின் கலந்து விந்தை உறையவைக்கும் முறையைக் கண்டுபிடித்தார்கள். இன்று அதை வைக்கோல்துண்டு போன்ற சிறு குழலில் அடைத்து, திரவ நைட்ரஜனில் 196 டிகிரி உறைகுளிரில் வைக்கிறார்கள், வருஷக்கணக்காகக் கெடாது. காளை செத்த பிறகும் அதன் மகள் பிறக்கலாம். ஆனால் ஊசிக்காரர் வந்து சேர்வதற்குள் பருவம் போய்விட்டால் பயனில்லை. ஆகையால் முன்சொன்ன நோட்டுப்புத்தகம் இல்லாமல் ஊசியை நம்ப வேண்டாம்.

எந்த இனத்து விந்து என்பதிலும் பேராசை கூடாது. இந்நாட்டுக் கெடா-கிளந்தான் மாடு சிறியது, பால் சொற்பம். ஆனால் வெயிலும் உண்ணியும் அதை அசைக்க முடியாது, தவறாமல் ஈனும். நம் முன்னோர் கப்பலேறி வந்த காலத்தில் வந்த இந்திய மாடுகளின் வழியில் உண்டானதுதான் லயத்துப் பால்மாடு. இலாகாவே அதை உள்ளூர் இந்தியப் பால்மாடு என்று எழுதுகிறது. பஞ்சாபிலிருந்து வந்த சாகிவால், வெயில் தாங்கிப் பாலும் தரும். அதோடு ஹாலந்துக் கறுப்புவெள்ளை பிரிசியனைக் கலந்ததுதான் மாப்ரிவால் என்கிற கலப்பினம். பாதிக்குப் பாதி கலப்பில் நல்ல பலன் உண்டு. பால் ஆசையில் பிரிசியன் பங்கை ஏற்றிக்கொண்டே போனால், மத்தியான வெயிலில் நாக்குத் தள்ளி மூச்சிரைக்கும்; உண்ணிக் காய்ச்சலில் படுக்கும்; தவிடும் பிண்ணாக்கும் மூட்டை மூட்டையாகக் கேட்கும். நம் கூலியில் அது கட்டாது. சிறிய கெடா-கிளந்தான் கிடாரிக்கு முதல் ஈற்றிலேயே பெருத்த இனத்து ஊசி போடவும் வேண்டாம்; கன்று பெருத்து, ஈனமுடியாமல் தாயும் போய்விடும்.

இவ்வளவும் செய்து நல்ல கன்று பிறந்தால், அதைச் சாகவிடலாமா? மனிதக் குழந்தைக்குத் தாய் வயிற்றிலேயே நோய் எதிர்ப்பு வந்துவிடுகிறது. கன்றுக்கு அப்படி இல்லை. நஞ்சுக்கொடி அதைத் தடுத்துவிடும். சீம்பாலில்தான் வரவேண்டும். பிறந்த சில மணி நேரத்துக்குள், அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு குடித்தாக வேண்டும். 25 கிலோ கன்றுக்கு இரண்டரை லிட்டர். ஒரு நாள் கடந்தால் குடல் வாசல் அடைத்துக்கொள்ளும். பிறகு ஊட்டினாலும் வயிறுதான் நிறையும், காவல் கிடைக்காது. சீம்பால் காய்ச்சி அண்டை வீடுகளுக்குக் கொடுப்பது நம் அழகான வழக்கம். நாமும் நாலு கிண்ணம் தின்றவர்கள்தான். கன்று குடித்தபின் மிஞ்சியதைக் கொடுப்போம்.

கடைசியாக, கோயில் காளை. அதைக் காயடிக்கவோ விற்கவோ நாம் கேட்கவில்லை. மலைக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்திலும் முனியாண்டிக்கு ஒரு காளை இருக்கிறது. அங்கேயும் இதே கவலை. அந்தக் கிளைத் தோழர்களிடம் பேசிப் பார்த்தோம். இந்தக் காளை அந்தக் கோயிலுக்கும், அந்தக் காளை இந்தக் கோயிலுக்கும் மாறி வரலாம் என்கிறார்கள். சாமி ஒன்றுதானே. மாற்றும் முன் இலாகாவிடம் அனுமதி பெற்று, இரண்டுக்கும் இரத்தம் எடுத்துக் கருச்சிதைவு நோய் உண்டா என்று சோதிக்க வேண்டும். புருசெல்லோசிஸ் என்கிற அந்த நோய் மாட்டில் மட்டும் நிற்காது. காய்ச்சாத பாலில் மனிதனுக்கும் வரும். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை காளை மாற வேண்டும். மேய்ச்சலில் திரியும் மற்றக் காளைக்கன்றுகளை ஏழெட்டு மாதத்துக்குள் காயடித்துவிட வேண்டும். இதை ஒரு வீடு மட்டும் செய்தால் ஒரு பயனும் இல்லை, ஏனென்றால் மேய்ச்சல் பொது. எல்லா வீடும் கையெழுத்துப் போட்டால்தான் உண்டு.

தீர்மானத்தை எழுதி வைத்திருக்கிறோம். ஆனால் ஓட்டெடுப்புக்கு விடுமுன் ஒன்று. அந்தக் காளையை நேர்ந்துவிட்ட பெரியவர் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அவர் மகன் மரத்திலிருந்து விழுந்து பிழைத்தபோது நேர்ந்துகொண்டது அது. அவர் மனம் ஒப்பாமல் இந்தக் காளையின் கயிற்றை ஒருவரும் தொடுவது முறையன்று. ஐயா, நீங்கள் மேடைக்கு வந்து பேசுங்கள். நாம் உட்காருகிறோம்.